கேட்டால்தான் அவுட்

மலையடிவாரத்து மடத்துக்கு வந்த நாளிலிருந்து தங்கப்பழம் யாரையும் ஒரு குறை சொன்னதில்லை. சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுவார். பாயை யாராவது மாற்றி எடுத்துக்கொண்டு போனால் வெறுந்தரையில் படுத்துக்கொள்வார். மற்ற சீடர்கள் அதைப் பெரிய பக்குவம் என்று நினைத்தார்கள்.

அது பக்குவம் இல்லை. பழக்கம்.

மடத்துக்கு வருமுன் அவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜில்லா கிரிக்கெட் பந்தயங்களுக்கு அம்பயர். வெள்ளைத் தொப்பியும் கறுப்பு பேன்ட்டுமாக வெயிலில் நின்றே தலை நரைத்தவர். அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. பேட்ஸ்மேன் அவுட் என்று அம்பயருக்குக் கண்கூடாகத் தெரிந்தாலும், எதிர் அணியில் ஒருவராவது அவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதற்கு அப்பீல் என்று பெயர். கேட்டால்தான் அம்பயர் விரலைத் தூக்குவார். கேட்காவிட்டால், தெரிந்தும் தெரியாதவராக நிற்க வேண்டியதுதான்.

தங்கப்பழம் இந்த விதியை மைதானத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை.

"காப்பியில சீனி போட மறந்துட்டேன். குடிச்சு முடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்பாள் மனைவி, அவள் இருந்த காலத்தில்.

"நீ கேக்கலையே."

"ஆமா. இவருக்கு விடிஞ்சா அடைஞ்சா அப்பீல் பண்ணிக்கிட்டே இருக்கணும்."

அந்தச் சொல் தெருவுக்கும் பரவிவிட்டது. கல்யாணத்துக்குப் புறப்படுகிறவனின் புதுச் சட்டையில் விலைச்சீட்டு தொங்கும். தங்கப்பழம் பார்ப்பார். சும்மா இருப்பார். பந்தியில் பத்துப் பேர் சிரித்த பிறகு அவன் திரும்பி வந்து சண்டை பிடித்தால், மூலைக் கடைக்காரர் நடுவில் புகுவார்: "அப்பீல் பண்ணாம அண்ணாச்சிகிட்ட தீர்ப்பு கிடைக்குமாடே?" எல்லாரும் சிரிப்பார்கள். தங்கப்பழமும் சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அதில் பெருமைதான். கேட்காத இடத்தில் வாயைத் திறக்காதவன் பொய் சொல்ல வேண்டியிருக்காது, பகை சம்பாதிக்க வேண்டியிருக்காது.

மடத்தின் குரு நாச்சியாரம்மாள் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். தங்கப்பழம் அவரை 'அம்மா' என்பார். அவர் தங்கப்பழத்தை 'அண்ணாச்சி' என்பார். காலில் விழுகிற நாளில் விழுவதும், மற்ற நாளில் அண்ணன் தங்கை போல இருப்பதும் இருவருக்கும் இயல்பாகிவிட்டிருந்தது.

சித்திரா பௌர்ணமிக்கு மலைக்கோயில் ஏறுகிறவர்களுக்கு மடத்தில் புளியோதரை போடுவார்கள். முந்தின நாளே புளிக்காய்ச்சல் தயாராகிவிட வேண்டும். அடுப்படி பேச்சியம்மாளின் பொறுப்பு. நாச்சியாரம்மாள் குருவாவதற்கு முன்பே, சின்னப் பெண்ணாக மடத்துக்கு வந்து நின்ற அன்று, முதல் கவளம் சோறு போட்டவர் அவர்.

"தம்பி, ஸ்டோர் ரூம்ல பெரிய அண்டா கிடக்கு. கழுவிக் கொண்டாங்க" என்றார் பேச்சியம்மாள்.

ஸ்டோர் ரூமில் பித்தளை அண்டா இரண்டு இருந்தன. ஒன்று உள்ளே, சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால். இன்னொன்று வாசலுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்துக் கிடந்தது. பக்கத்தில் கிடந்ததைத் தங்கப்பழம் தூக்கினார். அதன் காதில் தேங்காய்நார்க் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. தூக்குகையில் அது உள்ளங்கையை அறுத்தது. அவிழ்த்து ஆணியில் மாட்டினார். கழுவும்போது உள்ளே பார்த்தார். பூசியிருந்த ஈயம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அவர் மனைவி இப்படிப்பட்ட பாத்திரத்தில் புளியைத் தொடவே மாட்டாள், விஷமாகிவிடும் என்பாள்.

அடுப்படியில் புகை மண்டியிருந்தது. பேச்சியம்மாளுக்குக் கண் வேறு மங்கல். அண்டா வந்ததும் அவர் கை அதன் காதைத் தடவிப் பார்த்தது. கயிறு இல்லை. கரைத்து வைத்திருந்த புளியைக் கொட்டினார்.

தங்கப்பழம் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பௌர்ணமியன்று பந்தி முடிந்து கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்கு வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். பெரியவர்கள் படுத்து எழுந்து தேறிவிட்டார்கள். முத்துச்செல்வி என்று ஆறு வயதுப் பிள்ளை. ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். அவளுக்கு மட்டும் நிற்கவில்லை. பச்சையாக எடுத்தாள். வேனில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளையின் அப்பா போன் செய்தார். எடுத்த சீடர் கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

"தண்ணிகூட உள்ளே நிக்கலையாம். கண்ணு மஞ்சளாத் தெரியுதாம். சாப்பாட்டுல என்ன சேர்ந்துச்சுன்னு டாக்டர் கேக்காராம். தெரிஞ்சாத்தான் எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியுமாம்."

எல்லார் கண்ணும் பேச்சியம்மாள் பக்கம் திரும்பியது.

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "முந்தின நாள் காய்ச்சின புளி. வெக்கை நாள். ஊசிப்போயிருக்கும். நான் மோந்து பார்த்திருக்கணும். என் கைப்பிழைதான்."

நாச்சியாரம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு கூடத்தில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"சரி அக்கா" என்றார். "துணிமணியை எடுத்துக்கிட்டு மத்தியான பஸ்ல ஊருக்குக் கிளம்பு."

பேச்சியம்மாள் கைகூப்பினார். உள்ளே போனார். அம்மா விசாரிப்பார், துருவுவார், பேச்சியம்மாளைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார் என்று தங்கப்பழம் நினைத்திருந்தார். இப்படி ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போடுவார் என்று நினைக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. தங்கப்பழம் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். கடைசியில் குருவைத் தேடிக்கொண்டு போனபோது அவர் அடுப்படியில் இருந்தார். ஈர விறகை அடுப்பில் திணித்து ஊதிக்கொண்டிருந்தார். புகையில் கண்ணும் மூக்கும் ஒழுகின. அடுப்பு பற்றுவதாக இல்லை.

"அம்மா, ஒரு வார்த்தை."

"ஊதுகுழல் எங்கன வச்சிருப்பாங்க அண்ணாச்சி?"

தங்கப்பழம் மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"பேச்சியக்காவை இப்படி அனுப்பலாமா அம்மா? ஒரு விசாரணை இல்லை. ஒரு கேள்வி இல்லை."

"யாரும் கேக்கலையே."

தங்கப்பழத்துக்குச் சுருக்கென்றது. அவர் வாயில் இத்தனை வருஷம் இருந்த வார்த்தை அது. இன்னொருத்தர் வாயிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று அவர் கேட்டதில்லை.

"அத்தனை பேர் நின்னீங்க" என்றார் நாச்சியாரம்மாள். "'ஏம்மா அனுப்புதீங்க'ன்னு ஒரு வாய் கேக்கலை. கேக்காம எதுவும் சொல்லக் கூடாதுன்னு உங்க ஆட்டத்துல விதியாமே. பிள்ளைங்க சொல்லிச் சிரிப்பாங்க. என்னவோ பேரு."

"அப்பீல்."

"அதேதான்." ஊதினார். சாம்பல் பறந்து தலையில் விழுந்தது. "நீங்க எதுக்கு வந்தீங்க?"

தங்கப்பழம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒரு சந்தேகம் அம்மா. ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரியும்னு வைங்க. யாரும் அவர்கிட்ட கேக்கலை. அவரா போய்ச் சொல்லணுமா?"

"எனக்கென்ன தெரியும். விதி உங்களுது. நீங்க சொல்லுங்க. யார் யார் கேக்கலாம்?"

தங்கப்பழத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தெரிந்த விஷயம்.

"எதிர் டீம்ல மைதானத்துல நிக்கிற யாரும் கேக்கலாம் அம்மா. பந்து போட்டவர்தான் கேக்கணும்னு இல்லை. எங்கேயோ எல்லைக்கோட்டுல நிக்கிற பையன் கேட்டாக்கூடப் போதும்."

"எப்படிக் கேக்கணும்?"

"'ஹவ்ஸ்தட்'னு சத்தம் போடுவாங்க. எப்படி அவுட், எதனால அவுட்னு அவங்க சொல்ல வேண்டியதில்லை. ஒருதடவை கேட்டா எல்லா வகைக்கும் கேட்டதாத்தான் கணக்கு."

"எப்போ வேணும்னாலும் கேக்கலாமா?"

"அது முடியாது. பவுலர் அடுத்த பந்துக்கு ஓட ஆரம்பிச்சுட்டா முடிஞ்சுது. அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாலும் செல்லாது."

"அப்படி யாரும் கேக்காமலே போனது உண்டா?"

"ஒரு பைனல்ல நடந்துச்சு அம்மா." தங்கப்பழத்தின் குரல் தன்னை அறியாமல் நிமிர்ந்தது. பல பேரிடம் பல தடவை சொன்ன கதை. "பந்து பேட்ல உரசிருச்சு. எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. கீப்பர் பிடிச்சுட்டான், அவுட்டுதான். அந்த நேரம் பார்த்து ஒரு எருமை மைதானத்துக்குள்ள ஓடி வருது. எல்லாப் பயலும் எருமையைப் பார்க்கான். கீப்பரே பந்தைக் கையில வச்சுக்கிட்டு எருமையை விரட்டுதான். ஒருத்தன் கேக்கலை. நான் விரலைத் தூக்கலை. அந்தப் பையன்தான் கடைசியில நின்னு ஜெயிச்சுக் கொடுத்தான். ஆட்டம் முடிஞ்சப்புறம் ஒருத்தன் கேட்டான், சொன்னேன். ரெண்டு டீமும் என்கிட்ட வந்து, 'விதின்னா தங்கப்பழம், தங்கப்பழம்னா விதி'ன்னுட்டுப் போனாங்க."

நாச்சியாரம்மாள் சிரித்தார். புகையில் இருமலும் சேர்ந்து வந்தது. தங்கப்பழமும் சிரித்தார்.

"சரி. உங்க சந்தேகத்துக்கு வாங்க. அந்த ஒருத்தர், அவரும் அம்பயர் மாதிரிதானா?"

"ஆமா அம்மா. பார்த்துக்கிட்டு நின்னார். அவ்வளவுதான்."

"என்னத்தைப் பார்த்தார்?"

தங்கப்பழம் தயங்கினார். "ஒரு அண்டாவுல ஈயம் போயிருந்ததை."

ஊதுகுழல் நின்றது.

"எந்த அண்டா?"

"புளி காய்ச்சினது."

நாச்சியாரம்மாள் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஈயம் போன பாத்திரத்துக்கு அக்கா காதுல கயிறு கட்டிருவா. ஈயம் பூசுகிறவர் வர்ற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாதுன்னு. அவளுக்குக் கண்ணு தெரியாது, கைதான் கண்ணு. கயிறு இல்லையா?"

"இருந்துச்சு."

"அக்கா தடவிப் பார்த்திருப்பாளே."

"பார்த்தாங்க. அப்போ இல்லை."

"அவுந்து விழுந்துருச்சா?"

"கையை அறுத்துச்சு அம்மா. எதுக்குக் கட்டியிருக்குன்னு சத்தியமாத் தெரியாது. அவங்க காதைத் தடவினப்போகூடப் புரியலை. பிறகுதான் புரிஞ்சுது."

அடுப்பில் ஈர விறகு சீறியது. நாச்சியாரம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் பாத்திரம் எடுக்க ஸ்டோர் ரூம் போனேன்" என்றார். "ரெண்டு அண்டாவும் இருந்துச்சு. ஒண்ணோட காதுல கயிறு கட்டியிருந்துச்சு. அதனாலதான் நான் அதைச் சந்தேகப்படவே இல்லை."

தங்கப்பழம் தலையைக் குனிந்தார்.

"யார் கட்டினது?"

"நான்தான்."

"எப்போ?"

அவர் அடுப்பைப் பார்த்தார். நாச்சியாரம்மாள் காத்திருந்தார்.

"பிள்ளையை வேன்ல ஏத்தின பிறகு."

குருவின் கையிலிருந்து ஊதுகுழல் நழுவித் தரையில் உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. மடத்தில் இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பாவங்களை அவர் முன்னால் கொட்டியதைத் தங்கப்பழம் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட அவர் முகம் இப்படி வெளுத்ததைப் பார்த்ததில்லை.

"ஏன் கட்டினீங்க?"

"எது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்னு..."

கூடத்தில் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி" என்றார் நாச்சியாரம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. "அந்த பைனல்ல, பந்து உரசினது உங்களுக்குக் கேட்டுச்சு. அந்தப் பையனுக்கு?"

"அவனுக்கு எனக்கு முந்தியே தெரிஞ்சிருக்கும். கையில அதிரும்."

"எல்லாரும் எருமையை விரட்டினப்போ அவன் என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்?"

"அவன்... குனிஞ்சு பிட்ச்சைத் தட்டிக்கிட்டிருந்தான். மேடு பள்ளத்தைச் சரி பண்ணுத மாதிரி. ஒண்ணுமே நடக்காத மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். பல பேரிடம் பல தடவை சொன்ன கதையில் இந்தப் பையனை அவர் இதுவரை திரும்பிப் பார்த்ததே இல்லை. எப்போதும் நடுவில் தொப்பியோடு நின்றவரை மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போது பையனின் குனிந்த தலை தெரிந்தது. கையில் மட்டை. மட்டை இருந்த இடத்தில் நார்க் கயிறு. கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடுகிற விரல்கள். அவை யாருடைய விரல்கள் என்று பார்க்க அவருக்குத் துணிவில்லை. தன் இரண்டு கைகளையும் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"யாரும் கேக்காமலே எழுந்து போறவங்க உங்க ஆட்டத்துல உண்டா?" என்று கேட்டார் நாச்சியாரம்மாள்.

"உண்டு."

"அவங்க எப்படிப் போவாங்க?"

"பேட்டை அக்குள்ல இடுக்கிக்கிட்டு... நேரா நடந்துருவாங்க. அம்பயர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க அம்மா. அம்பயருக்கு அங்கே வேலையே கிடையாது."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"ரெண்டு மூணு பேரை. அவங்க போறப்போ மைதானமே சத்தமில்லாம இருக்கும்."

வாசலில் பேச்சியம்மாள் துணிமூட்டையோடு இறங்கிப் போவது அடுப்படி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நடக்கையில் ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே போயிற்று. சுவர் முடிந்த இடத்தில் கொஞ்சம் நின்று, வெறும் காற்றில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் நடந்தார். ரோட்டில் பஸ் ஹாரன் எங்கோ தூரத்தில் கேட்டது.

தங்கப்பழம் அப்படியே நகர்ந்து வந்து குருவின் காலடியில் விழுந்தார். அடுப்புச் சாம்பல் அவர் நெற்றியில் ஒட்டியது.

"எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டேன் அம்மா. ஒண்ணையும் மறைக்கலை. மனசுல இருந்த பாரம் இறங்கிருச்சு. நீங்க என்ன தீர்ப்பு சொன்னாலும் கட்டுப்படுதேன். மடத்தை விட்டுப் போன்னு சொன்னாலும் சரி. சொல்லுங்க அம்மா."

நாச்சியாரம்மாள் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கீழே கிடந்த ஊதுகுழலை எடுத்தார். அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதீங்க? வாந்தி எடுத்தது நானா? போன் கூடத்துல இருக்கு."